18 வருடம் பீப்பாயில் கிடந்த விஸ்கியை எப்படிச் சுவைப்பது?

பழைய சிங்கிள் மால்ட் விஸ்கியை முதல்முறை வாயில் வைத்தவர்கள் அனேகமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "எரியுதுப்பா", இல்லையென்றால் "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது". இரண்டும் உண்மைதான். எரிச்சல் ஆல்கஹாலால் வருகிறது. ஆஸ்பத்திரி வாடை ஃபீனால் என்ற வகைச் சேர்மங்களால் வருகிறது, கிருமிநாசினிகளில் இருப்பதும் அதே குடும்பம்தான், அதனால் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டு மடக்கென்று விழுங்கிவிட்டால், ஒரு ஓக் பீப்பாய்க்குள் 18 வருடமாக நடந்த வேலை அத்தனையும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாமலேயே வயிற்றுக்குப் போய்விடும். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதற்குப் பெரிய பயிற்சியெல்லாம் வேண்டாம், ஒரு நல்ல கிளாஸ், கொஞ்சம் தண்ணீர், யாரும் அவசரப்படுத்தாத அரை மணி நேரம், இவ்வளவு போதும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த "சிங்கிள்" வடிசாலையைக் குறிக்கிறது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இவற்றை மட்டும் வைத்து, பாட் ஸ்டில் என்கிற செம்பு வடிகலன்களில் வடித்தது என்று அர்த்தம். ஒரு பாட்டிலுக்குள் அந்த வடிசாலையின் நூறு பீப்பாய்கள் கலந்திருக்கலாம். ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமென்றால் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், அங்கேயே குறைந்தது 3 வருடம் வைத்திருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு அடைக்க வேண்டும். தண்ணீரும், நிறத்துக்காகச் சாதாரண கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும்போது வெனிலா, கிராம்பு, உலர்திராட்சை என்றெல்லாம் வாசனை வரும், எசன்ஸ் எதுவும் ஊற்றியிருக்க மாட்டார்கள், எல்லாமே தானியத்திலிருந்தும் புகையிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை.

கேரமல் அனுமதி உண்டு என்பதாலேயே நிறத்தை வைத்து வயதைக் கணிக்கக் கூடாது. கருப்பாக இருந்தால் பழையது என்பது நம்ப முடியாத கணக்கு.

அப்புறம் லேபிளில் இருக்கும் எண். 18 என்று போட்டிருந்தால், அந்தப் பாட்டிலுக்குள் இருப்பதிலேயே இளைய விஸ்கிக்கு 18 வயது. அதில் 25 வருடப் பீப்பாயும் கலந்திருக்கலாம், ஆனால் 12 வருட விஸ்கியில் ஒரே ஒரு ஸ்பூன் சேர்த்தாலும் லேபிளில் 12 என்றுதான் போட முடியும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதியில் இருக்கும் கிளென்டிரோனக் வடிசாலை. 1996இல் அதை மூடினார்கள், 2002இல்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2019இல் 18 வருடம் என்று அடைத்த ஒரு பாட்டிலில் இருப்பது 2001க்குள் வடித்ததாக இருக்க வேண்டும், ஆனால் 1996க்குப் பிறகு அங்கே அடுப்பே எரியவில்லை. ஆக, உள்ளே இருப்பதற்கு எப்படியும் 22, 23 வயது ஆகியிருக்கும். இன்னொன்று, இந்த வயதெல்லாம் பீப்பாய்க்குள் இருக்கும்வரைதான். கண்ணாடிக்குள் போனதும் நின்றுவிடும். 1990இல் அடைத்த 12 வருட விஸ்கியை இன்றைக்குத் திறந்தாலும் அதற்கு வயது 12தான்.

சரி, பீப்பாய்க்குள் அப்படி என்னதான் நடக்கிறது? வடிகலனிலிருந்து வரும் சாராயம் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும், ஆல்கஹால் 70 சதவீதத்துக்குப் பக்கத்தில். அதில் தண்ணீர் சேர்த்து வழக்கமாக 63.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் நிரப்புவார்கள். அந்த நிலையில் அதில் தானிய மணம் இருக்கும், பேரிக்காய் மாதிரி ஒரு பழவாடை இருக்கும், கூடவே கந்தகச் சேர்மங்களால் வரும் ரப்பர் வாடையோ வேகவைத்த காய்கறி வாடையோ கொஞ்சம் இருக்கும். பீப்பாய் இதன்மேல் மூன்று வேலை செய்கிறது.

ஒன்று, கொடுக்கிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு மது இருந்த பீப்பாய்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதிலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்களே அதிகம். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் போர்பனை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், ஆகவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் அங்கே குவிகின்றன, அவை கடல் தாண்டி வருகின்றன. சுமார் 200 லிட்டர் பிடிக்கும். மரத்தில் இருக்கும் லிக்னின் சிதைந்து வெனிலின் ஆகிறது, ஐஸ்கிரீமில் வரும் அதே வெனிலா வாசனை. மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள் கொப்பரை மணம் தருகிறது. மரத்தைச் சூடுபடுத்தும்போது அதிலுள்ள சர்க்கரைகள் பாகு மாதிரி மாறியிருக்கும், அதிலிருந்து கேரமல் இனிப்பு வருகிறது. ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் செய்யும் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் கதை வேறு: உலர்திராட்சை, பேரீச்சை, வால்நட், துவர்ப்பு. முன்பெல்லாம் ஷெர்ரியையே பீப்பாயோடு பிரிட்டனுக்கு அனுப்பினார்கள், காலிப் பீப்பாய்கள் விஸ்கிக்காரர்களுக்குப் போயின. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே அடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால், இப்போது விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரி ஊற்றி ஊறவைத்து அனுப்புகிறார்கள்.

இரண்டு, எடுத்துக்கொள்கிறது. உள்பக்கம் கருகிய அந்தக் கரி அடுக்கு, கந்தக வாடையை உறிஞ்சுகிறது. தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரி செய்வதும் இதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். மரம் சுவாசிக்கும். குளிரில் சாராயம் சுருங்கும், வெயிலில் விரியும், பலகையின் நுண்துளைகள் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்வரும், ஆக்சிஜன் வேலை செய்யும், அமிலங்களும் ஆல்கஹாலும் கூடிப் பழவாசனை தரும் எஸ்டர்கள் உருவாகும். முதல் இரண்டு வேலையையும் ஒரு நல்ல பீப்பாய் சில வருடங்களிலேயே பெருமளவு முடித்துவிடும். மூன்றாவதுக்குக் காலம்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது. மீன்குழம்பு வைத்த அன்றைக்கே சாப்பிட்டால் புளி தனியாகத் தெரியும், மிளகாய் தனியாகத் தெரியும், மீன் தனியாகத் தெரியும். மறுநாள் அதே சட்டியில் எடுத்தால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். பழைய விஸ்கியில் நாம் தேட வேண்டியது அந்த இறங்கலைத்தான். வெனிலா இருக்கிறதா, புகை இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அவை எவ்வளவு தூரம் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன என்பதே முதல் கேள்வி.

இதனால் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. பீப்பாயிலிருந்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்று அழகாகச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். 18 வருடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் காற்றோடு போயிருக்கும். அங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆல்கஹாலின் அளவும் வருடா வருடம் இறங்கும், 40க்குக் கீழே போய்விட்டால் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது. கூடவே மரமும் நிறுத்தாமல் துவர்ப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் ரொம்ப நேரம் கொதித்த டீத்தூள் மாதிரி நாக்கை இழுக்கும் கசப்பு வந்துவிடும். நம் பக்கத்தில் பெங்களூருவின் அம்ருத் வடிசாலையை எடுத்துக்கொள்ளுங்கள், 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே தங்கள் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியவர்கள். அங்கே வெயிலுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது. 18 வருடம் வைத்தால் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் நான்கைந்து வருடத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், அதை இளசு என்று ஒதுக்கினால் தப்பு, அந்த வெயிலில் மரம் தன் வேலையை வேகமாகச் செய்திருக்கும். மறுபக்கம், கோர்டன் அண்ட் மெக்பெயில் என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் 1940 பிப்ரவரியில் கிளென்லிவெட் சாராயத்தை நிரப்பிய ஒரு பீப்பாயை 2020 பிப்ரவரியில் திறந்து 80 வருட விஸ்கியாக அடைத்தார்கள். 80 வருடத்துக்குப் பிறகும் அதில் 44.9 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. எல்லாப் பீப்பாயும் இப்படித் தாங்காது. எது தாங்கும் என்று இடையிடையே முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை செய்பவர்களின் பெரிய திறமை.

இப்போது கிளாஸுக்கு வருவோம். வயது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வடிசாலையின் இரண்டு வயது விஸ்கியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நான் சொல்வது டாலிஸ்கர் 10, டாலிஸ்கர் 18. இரண்டுமே 45.8 சதவீதம், ஆகவே ஆல்கஹால் வித்தியாசம் நம்மைக் குழப்பாது. டாலிஸ்கர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கார்போஸ்ட் என்ற சின்ன ஊரில், கடல் உள்ளே புகுந்து ஏரிபோல நிற்கும் ஹார்போர்ட் நீர்ப்பரப்பின் கரையில் இருக்கிறது. 1830இல் மெக்காஸ்கில் சகோதரர்கள் தொடங்கியது. 1960இல் வடிகலன் கூடம் தீப்பிடித்து எரிந்தது, திரும்பக் கட்டும்போது ஐந்து வடிகலன்களையும் பழையதன் அச்சு அசலாகவே செய்து வைத்தார்கள். ஏனென்றால் கலனின் உருவம் மாறினால் சுவை மாறும். பார்லியை உலர்த்தும்போது பீட் எரித்துப் புகை போடுவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் நூற்றாண்டுக் கணக்கில் மக்கிக் கெட்டிப்பட்ட கருப்பு மண், வெட்டிக் காயவைத்தால் விறகு மாதிரி எரியும். டாலிஸ்கரில் புகை நடுத்தரம். ஐலா தீவின் ஆர்ட்பெக், லாஃப்ராய்க் அளவுக்குப் போகாது.

கிளாஸ் வாய் குறுகியதாக இருக்க வேண்டும், அடியில் உருண்டு மேலே ஒடுங்குகிற துலிப் பூ வடிவம். கிளென்கெய்ர்ன் என்று 2001இல் வந்த ஸ்காட்லாந்து கிளாஸ் இதற்காகவே செய்தது, அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸே போதும். சினிமாவில் காட்டும் அகலமான டம்ளரில் வாசனை நாலு பக்கமும் ஓடிவிடும். ஒவ்வொன்றிலும் 20 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. ஒரு சின்னத் தட்டால் மூடி பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று சிலர் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதில் கறாராக இருக்கத் தேவையில்லை, ஆனால் பழைய விஸ்கி ஊற்றியவுடன் பேசாது என்பது உண்மை. அந்த நேரத்தில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், சென்ட் போட்டிருந்தால் அன்றைக்கு இதைச் செய்யவே வேண்டாம். பிரியாணி சாப்பிட்ட கையோடும் வேண்டாம். பக்கத்தில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கட்டும், மிக்சரும் ஊறுகாயும் இன்னொரு நாளைக்கு.

மூக்கை உள்ளே விட்டு ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள், 45.8 சதவீத ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், அப்புறம் பத்து நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. முகவாய்க்கு நேராகப் பிடித்து, பிறகு மேலுதட்டுக்கு, பிறகு மூக்குக்கு என்று மெதுவாகக் கொண்டு வாருங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகருங்கள், ஆல்கஹாலின் குத்தல் பாதியாகக் குறையும். இது எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்த ஒரே தந்திரம், இன்றுவரை இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒயின் மாதிரி வேகமாகச் சுழற்றவும் வேண்டாம், சுழற்றினால் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி வரும்.

10 வருட விஸ்கியில் எனக்கு முதலில் வருவது ஈர விறகுப் புகை. அதன் பின்னாலேயே கடற்கரையில் சிப்பி காயும் வாடை, எலுமிச்சைத் தோல், பேரிக்காய். எல்லாம் தெளிவாக, ஆளுக்கு ஒரு மூலையில் நிற்கும், விரலால் தொட்டுக் காட்டலாம். அதே மூக்கோடு 18க்குப் போனால் புகை எங்கே என்று ஒரு நிமிடம் தேடுவீர்கள். வருடங்கள் போகப்போக ஃபீனால்கள் குறையும், அது ஒரு காரணம். முதலில் வருவது கமர்கட். சின்ன வயதில் வாயில் அடக்கிக்கொண்ட அதே வெல்லமும் தேங்காயும், அதாவது பாகான மரச்சர்க்கரையும் லாக்டோனும். பிறகு காய்ந்த ஆரஞ்சுத் தோல். பிறகு கிராம்பு, ஓக் மரத்தில் இருக்கும் யூஜினால் என்ற பொருள்தான் கிராம்பிலும் இருக்கிறது, ஆகவே அது கற்பனை இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், ராத்திரி அணைத்த விறகு அடுப்பின் பக்கத்தில் காலையில் போய் நின்றால் ஒரு மணம் வருமே, அந்தச் சாம்பல் மணமாகப் புகை வருகிறது. 10இல் எரிந்துகொண்டிருந்த அடுப்பு 18இல் தணிந்திருக்கிறது. அதே அடுப்புதான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இப்போது வாய். முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது நாக்கைப் பழக்க மட்டுமே, சில சொட்டு போதும். இரண்டாவது வாய் அரை டீஸ்பூன் அளவு. உடனே விழுங்காமல் பத்துப் பதினைந்து நொடி வைத்திருந்து, நாக்குக்கு அடியிலும் ஈறுகளிலும் படும்படி மெல்ல உருட்டுங்கள். எச்சில் கலந்து அது தானாகவே இளகும். கனத்தைக் கவனியுங்கள், தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, எண்ணெய் மாதிரி படிகிறதா. பிறகு விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இதை நிறைய பேர் செய்வதே இல்லை. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போகும் வாசனைதான். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயைச் சப்பிப் பாருங்கள், வெறும் இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் திறந்துகொண்டு வரும்.

டாலிஸ்கரின் அடையாளமே விழுங்கிய பிறகு வருவதுதான்: மிளகு. 10 வருடத்தில் அது ரசத்தில் கடிபட்ட முழு மிளகு மாதிரி நாக்கின் பின்பக்கம் வெடிக்கும். 18 வருடத்தில் முதலில் இனிப்பு நிற்கும், பிறகு லேசான உப்பு, மிளகு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், வந்த பிறகும் தட்டிய மிளகாக இல்லாமல் பொங்கலில் நெய்யோடு ஊறிய மிளகாக இருக்கும். அதே காரம்தான், ஆனால் அதைச் சுற்றி ஏதோ ஒன்று படர்ந்திருக்கிறது. அந்தக் கடைசிச் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள். நல்ல பழைய விஸ்கியில் இரண்டு நிமிடம் கழித்தும் வாயில் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் விடலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. ராவாக அடித்தால்தான் கெத்து என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு, சுவைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தத் தொழிலின் தலைசிறந்த மூக்குகள், அதாவது மாஸ்டர் பிளெண்டர்கள், ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரைக்கும் விஸ்கியில் தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் என்ற இருவர் இதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். குவாயக்கால் என்ற புகைமணப் பொருள், ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது எத்தனால் மூலக்கூறுகள் சூழ உள்ளேயே அமிழ்ந்துகிடக்கிறது, 45 சதவீதமும் அதற்குக் கீழும் வந்தால் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்புக்கு வந்தால்தான் மூக்குக்கு வரும். ஆக, பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த 55, 60 சதவீத விஸ்கிக்குத் தாராளமாகத் தண்ணீர் விடலாம். 18, 25 என்று வயதானவற்றில் மட்டும் நான் பயந்து பயந்துதான் விடுவேன், இங்க் ஃபில்லரில் மூன்று நான்கு சொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு சொட்டில் மலர்வது ஒரு ஸ்பூனில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், ஊற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், அடைப்பதற்கு முன் குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் இருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள் அப்படித் தெரியும், கெட்டுப்போனது இல்லை. ஐஸ் போட்டால் வாசனைகள் அடங்கிவிடும், வெயிலுக்கு இதமாகக் குடிக்க அது சரி, பழைய விஸ்கியைத் தெரிந்துகொள்ள உதவாது.

எனக்கு இந்த வாசனையெல்லாம் வரவில்லையே என்று ஆரம்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், மார்மலேட் என்றெல்லாம் இருக்கும். ஹெதர் பூவை நம்மில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை, பார்க்காத பூவின் மணத்தை மூக்கு எப்படிச் சொல்லும்? உங்களுக்குத் தெரிந்த வாசனைகளில் தேடுங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு கிளாஸுக்கு வாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். நான் ஒரு பழைய ஷெர்ரி பீப்பாய் விஸ்கியில் அரைமணி நேரம் பெயர் தெரியாமல் தவித்த ஒரு மணம், கடைசியில் என் தாத்தாவின் மரப் பெட்டிக்குள் இருந்த புகையிலையும் பழைய துணியும் கலந்த மணம் என்று பிடிபட்டது. அந்த வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் அது புரியாது, புரியவும் வேண்டியதில்லை. எழுதி வைப்பது மட்டும் முக்கியம், எழுதாவிட்டால் மறுநாள் "நல்லா இருந்துச்சு" என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

ஒரே நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று கிளாஸ், அதுவும் இந்த 20 மில்லி அளவில்தான். அதற்கு மேல் மூக்கு களைத்துவிடும், தலைக்கும் ஏறிவிடும், பிறகு சுவைக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதும் இல்லை. இளையதிலிருந்து பழையதுக்கும், புகை குறைந்ததிலிருந்து கூடியதுக்கும் போங்கள், திருப்பிப் போட்டால் பின்னால் வருவது காணாமல் போய்விடும். பழைய விஸ்கி விலை அதிகம், முழுப் பாட்டில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, நாங்கள் நான்கு பேர் பணம் போட்டுத்தான் அந்த 18ஐ வாங்கினோம். பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

கடைசியாக ஒன்று. அன்று ராத்திரி கிளாஸைக் கழுவாதீர்கள். நன்றாக வடித்துவிட்டு அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காபி போடுவதற்கு முன்னால் எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும், எரிச்சலே இருக்காது. 10 இருந்த கிளாஸில் சாம்பல் இருக்கும். 18 இருந்ததில் சாம்பலோடு கொஞ்சம் தேனும், ஈர மரப்பலகையும்.